தரம் பார்க்கிறவன்

பீடோருக்கு வெளியே, செம்பனை ஆலை ரேம்ப்பில்
காலை ஏழிலிருந்து எனக்கு ஒரே வேலை.
லாரி கொட்டும்.
கொக்கியால் குலையைப் புரட்டுவேன்:
காய், செங்காய், பழம், அழுகல்.
சந்தேகம் வந்தால் ஒன்றை அரிந்து பார்ப்பேன்.
கொட்டை பெரிசு, கொட்டை சிறிசு,
கொட்டை காலி என்று
நாளைக்கு நூறு தடவை
கூச்சமில்லாமல் கத்துகிற வாய் இது.

மார்ச்சில் ஒரு ஞாயிறு.
ஸ்லிம் ரிவர்க்காரன் உதைத்த பந்து
கோல் கம்பத்துக்குப் போகாமல்
கோல் கீப்பரின் அந்த இடத்துக்கு வந்தது.
திடலே சிரித்தது.
சுருண்டு கிடந்தபடி நானும் சிரித்தேன்.

மூன்று நாளில் வலி போயிற்று, வீக்கமும் போயிற்று.
ஒன்று மட்டும் போகவில்லை.
இடப்பக்கம், அடியில், பட்டாணி அளவு.
அழுத்தினாலும் வலிக்கவில்லை.
வலிக்காத ஒன்றுக்கு லீவு போடும் வழக்கம்
எங்கள் ஷிப்டில் எவனுக்கும் இல்லை.
பந்துதான் காரணம் என்று
ஜூலை வரை அந்த ஸ்லிம் ரிவர்க்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.
பாவம்.
அது அவனுக்கு முன்பே அங்கே இருந்திருக்கிறது.
அவன் என்னைத் தொட வைத்தான், அவ்வளவுதான்.

கிளினிக் கவுண்டரில் பவளராணி.
தமிழ்ப்பள்ளியில் என்னோடு ஆறாம் வகுப்பு.
"என்ன செய்யுது?"
"வயிறு" என்றேன்.
வயிற்றுக்கு மாத்திரை தந்தார்கள்.
அடுத்த முறையும் வயிறுதான்.
வீட்டில் இருபது வெள்ளை மாத்திரை,
விழுங்கப்படாமல்.

மூன்றாம் முறை டாக்டரிடம் மலாயில் சொன்னேன்.
"தெலோர்."
அடுத்தவர் மொழியில் வெட்கம் பாதி விலை.
டாக்டர் ஹஸ்லிண்டா சிரிக்கவில்லை.
கையுறை மாட்டினார். உருட்டினார்.
நிறுத்தினார். மறுபடி உருட்டினார்.
அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன்.
எனக்குத் தெரிந்த முகம்.
ஒரு குலையை ஓரமாக ஒதுக்கும்போது
நான் வைத்துக்கொள்ளும் முகம்.

பிறகு ஈப்போ. குளிர்ந்த ஜெல். ஸ்கேன். ரத்தம்.
வெட்டு கீழே இருக்கும் என்று நினைத்தேன்;
பெல்ட்டுக்குக் கொஞ்சம் அடியில் போட்டார்கள்,
நாலு விரல் நீளம்.
பரவவில்லை என்றார்கள்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை வா என்றார்கள்.
சுபத்திரா காலண்டரில் வட்டம் போட்டாள்,
சிவப்பில் இல்லை, பச்சையில்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

திரும்பிய வாரம் மாமாக் கடை.
முழு டீமும், பதினோரு தே தாரேக்.
"ஹெர்னியாவா மச்சான்?"
ஆமாம் என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது.
"கொட்டை" என்றேன்.
"கேன்சர். ஒன்னு எடுத்தாச்சு."
ரேம்ப்பில் கத்தும் அதே சொல்.
விசிறி சுற்றுவது கேட்டது.
ஒருவன் கிளாஸைப் பார்த்தான்,
ஒருவன் டிவியை, டிவி அணைந்திருந்தது.
யாரும் எதுவும் கேட்கவில்லை.

இரவு பதினொன்றரைக்குப் போன்.
லோகசீலன், எங்கள் ஸ்ட்ரைக்கர்,
யாருக்கும் பந்து தராதவன்.
கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினான்.
பிறகு,
"ஒன்னு கொஞ்சம் கீழ தொங்குதுலா."
"எல்லாருக்கும் அப்படித்தான்."
"பின்னால கயிறு மாதிரி ஒன்னு?"
"அது இருக்க வேண்டியது. அதை விடு.
வெந்நீர்ல குளி. கட்டைவிரல், ஆள்காட்டி விரல்.
ஒவ்வொண்ணா, மெதுவா உருட்டு.
கெட்டியா ஏதாவது இருந்தா, பெரிசானா, கனமா இருந்தா
என்னை மாதிரி வயிறுன்னு சொல்லாத."

"இப்பவேவா?"
"இப்பவே. அப்புறம் மாசம் ஒரு தடவை."

பிளாஸ்டிக் வாளியை நகர்த்தும் சத்தம்.
குழாய்.
"நான் வைக்கட்டுமா?" என்றேன்.
"வேணாம்," என்றான்,
"லைன்ல இரு."

தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது.
இருக்கிறேன்.